இருபது வாக்ஓவரும் ஓர் ஆட்டமும்

என் தம்பி நோயல் தோற்றதாக எழுதப்பட்ட டென்னிஸ் ஆட்டங்களில் இருபதை அவன் ஆடவே இல்லை. ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. வெள்ளைச் சட்டையும் பாலிஷ் போட்ட கேன்வாஸ் ஷூவுமாக, ராக்கெட்டைக் கையில் பிடித்தபடி கோட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நிற்பான். அதன்பிறகு தோற்றதாக அறிவித்துவிடுவார்கள். 2002 டிசம்பரிலிருந்து 2023 டிசம்பர் வரைக்கும் இருபத்திரண்டு வருடம். அதில் கொரோனாவால் இரண்டு வருடம் போட்டி நடக்கவில்லை. ஆக இருபது. போட்டியின் நோட்டை எழுதி வருகிறவள் நான். அதனால் இந்த எண்ணிக்கையில் பிசகு இருக்காது.

எங்கள் கோர்ட் நந்திதுர்க்கில் இருக்கிறது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்காகப் போட்டது. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு அதற்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. ஆடுகிறவர்களே மண் கொட்டி, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்கிறோம். டிசம்பரில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேட்டிலிருந்து காற்று அடித்தால் கோடுகள் மறைந்துபோகும். அப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் துடைப்பம் எடுப்போம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போட்டி. பெங்களூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போனவர்கள் ஊருக்கு வந்திருப்பது அந்த வாரம்தான். இருப்பது ஒரே கோர்ட், ஆசைப்படுகிறவர்கள் அதிகம். ஆகையால் டபுள்ஸ் மட்டும்தான், பக்கத்துக்கு இரண்டு பேர். முதலில் எட்டு கேம் எடுக்கிறவர்களுக்கு வெற்றி.

போட்டியை நடத்துகிறவர் தங்கவேலு அண்ணன். எழுபத்தாறு வயது. சுரங்கத்தின் டைம் ஆபீஸில் பேர் கூப்பிடும் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் ஷிஃப்டுக்கு ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் புறப்படுவதற்கு முன்னால், வராதவன் பேரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் மணி அடிக்கும், கேஜ் இறங்கிவிடும். கோர்ட்டிலும் அண்ணன் அதே வழக்கத்தை வைத்துவிட்டார். ஜோடியில் இருவர் பேரையும் கூப்பிடுவார். ஆள் இருந்தால் "ப்ரெசன்ட்" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவைக்குள் இருவரில் ஒருவர் சொல்லாவிட்டாலும் எதிர்ஜோடிக்கு வாக்ஓவர், ஆடாமலே வெற்றி.

இருபது வருடமும் நடந்தது இதுதான்.

"நோயல்."

"ப்ரெசன்ட்."

"ஃப்ரெடி."

பதில் வராது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. அதற்கும் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை. அண்ணன் மணியை ஒரு தட்டு தட்டுவார். நான் நோட்டில் "ஃப்ரெடி வரவில்லை, வாக்ஓவர்" என்று எழுதுவேன். நோயல் எதிர்ஜோடிக்குக் கை கொடுத்துவிட்டு வந்து, அன்று முழுக்க மற்றவர்கள் ஆட்டத்துக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பான்.

தீர்ப்பு சொல்வதற்கு அவனைவிட்டால் எங்கள் ஊரில் ஆள் இல்லை. இதைத் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. டென்னிஸ் சட்டப் புத்தகத்தை அவன் பெங்களூரில் அச்செடுத்து வந்து வாசித்துச் சொல்ல, நான் தமிழில் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். என் படிப்புக்கும் புரிகிற மாதிரி ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினான். ஒரு வருடம் மமதா டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் ஆடினார்கள். டீச்சர் வாங்க வேண்டிய சர்வீஸ், நெட்டுக்குப் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தோளில் நேராக வந்து பட்டது. பந்து எப்படியும் வெளியேதான் போயிருக்கும், ஆகையால் அது ஃபால்ட், செல்லாத சர்வீஸ் என்று அவர் வாதாடினார்.

"வெளிய போற பந்தா இருந்தாலும், தரையில படறதுக்கு முன்னாடி உங்க மேல பட்டா பாயிண்ட் அவங்களுக்குத்தான்," என்றான் நோயல். "வெளிய போறது தெரிஞ்சா வழிவிட்டு நிக்கணும் சார்."

"வழிவிட்டா ஏன் நின்னு தடுக்கலன்னு இவ கேப்பாளேப்பா."

"அதுக்கு இந்த புஸ்தகத்துல சட்டம் இல்ல சார்."

ஊரே சிரித்தது. இன்னொரு வருடம், நெட் கம்பத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு முழங்கால் உயரத்தில் போன பந்து கோட்டுக்குள் விழுந்தது. நெட்டுக்கு மேலே போகாத பந்து செல்லாது என்று நான்கு பேர் சண்டை போட்டார்கள். செல்லும் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். இப்படி எத்தனையோ.

ஆனால் தன் விஷயத்தில் அவனுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். டபுள்ஸை ஒருவன் தனியாக ஆட முடியாது.

ஃப்ரெடி எங்கள் லைனில் மூன்றாவது வீடு. லைன் என்பது சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகள். எங்கள் அப்பாவும் அவன் அப்பாவும் ஒரே ஷிஃப்ட். பன்னிரண்டு வயதில் இரண்டு பேரும் பந்து பொறுக்கப் போய், குமாஸ்தாக்கள் போட்டுவிட்டுப் போன ராக்கெட்டில் ஆடப் பழகினார்கள். 1991இலிருந்து 2001 வரைக்கும் பதினோரு கிறிஸ்துமஸ் போட்டியில் ஏழு முறை கோப்பை அவர்களுக்கு. சுரங்கம் மூடினதும் நோயல் எல்லோரையும்போல விடியற்காலை வண்டி பிடித்து பெங்களூருக்குப் போய்வர ஆரம்பித்தான். இன்றைக்கும் அதே வண்டிதான். ஒரு தொழிற்சாலையில் செய்து முடித்த இரும்புச் சாமான்களை அளந்து பார்க்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவான். இத்தனை வருடத்தில் அவன் சரி என்று அனுப்பிய சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அவனுடைய மேலாளரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஃப்ரெடிக்கு நிலத்துக்கு மேலே வேலை செய்யப் பிடிக்கவில்லை. 2002 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் கால்கூர்லி என்கிற ஊருக்குப் போனான். அங்கேயும் தங்கச் சுரங்கம்தான். மாரிகுப்பம் ஸ்டேஷனில் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக, "டிசம்பர்ல வந்துடுவேன்டா. பேர எழுதி வை," என்றான். நோயல் எழுதி வைத்தான்.

அந்த டிசம்பரில் ஃப்ரெடிக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த டிசம்பரில் குழந்தை பிறந்தது. அதற்கு அடுத்ததில் அவன் அம்மாவையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டான். பிறகு காரணம் சொல்வதும் நின்றுபோனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் மட்டும் நிற்கவில்லை.

ஆரம்பத்தில் பலர் நோயலைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருக்கும் ராஜ்குமார் வீட்டுக்கே வந்து கேட்டான்.

"அண்ணா, ஒரு வருஷம் என்கூட ஆடுங்க. ஃப்ரெடி அண்ணன் வந்ததும் நான் விலகிக்கறேன்."

"எனக்கு பார்ட்னர் இருக்கான்பா."

"எங்கண்ணா இருக்காரு?"

"நோட்டுல பாரு. எழுதியிருக்குது."

தங்கவேலு அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், "நீ ஒண்டியா ஆடுப்பா, ரெண்டு பேரு பக்கத்தையும் நீயே பாத்துக்கோ. யாரும் இன்னா கேக்கப் போறாங்க?" என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டான்.

அவன் மனைவி பியூலா என்னிடம் வந்து முறையிடுவாள். ஃப்ரெடி விட்டுவிட்டுப் போன ராக்கெட்டுக்கு வருடா வருடம் நவம்பரில் புது நரம்பு கட்டி வாங்கி வருவான் நோயல். "ஆடாத ராக்கெட்டுக்கு இன்னாத்துக்கு அண்ணி நரம்பு? என் கல்யாண நாள மறந்துடறாரு, இத மறக்கமாட்டேங்கறாரு," என்பாள். கோபமாகச் சொல்வதில்லை. அவளும் டிசம்பர் இருபத்தாறு அன்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத் தருகிறவள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் முடிந்ததும் நோயல் தனியாகக் கோர்ட்டுக்குப் போவான். பக்கெட் நிறைய பழைய பந்து. இந்தப் பக்கம் நின்று ஒரு கேமுக்கு உண்டான சர்வீஸ் போடுவான். நடந்துபோய்ப் பொறுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் நின்று இன்னொரு கேமுக்குப் போடுவான். ஒன்று தன் சர்வீஸ், மற்றது ஃப்ரெடியின் சர்வீஸ். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். "கை விட்டுப் போகக்கூடாதுக்கா," என்றான்.

போன 2024 டிசம்பர் இருபத்து நான்காம் தேதி ஃபோன் வந்தது. ஃப்ரெடியின் அண்ணன் மகளுக்கு இருபத்தெட்டாம் தேதி பெங்களூரில் கல்யாணம். இருபத்தாறு அன்று காலையில் ஊருக்கு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னான். ஃபோனை வைத்த பிறகு நோயல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நான்கு தடவை நடந்தான். ஃப்ரெடியின் பேர் நோட்டில் இருப்பதை அவனிடம் சொன்னாயா என்று நான் கேட்டேன்.

"வரட்டும்க்கா. வந்து, பேர் கூப்பிடறத அவனே கேக்கட்டும்."

மறுநாள் முழுக்க அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியிருந்தது கோப்பை இல்லை. பேரைக் கூப்பிட்டால் இரண்டு குரல் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆட்டம், முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை ஃப்ரெடியோடு ஆடி முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இருபத்தாறு அன்று ஒன்பது மணிக்குக் கார் கோர்ட்டருகே வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. அதற்குப் பின்னால் ஃப்ரெடி. தலை முழுக்க நரை. இடது முட்டியில் இரண்டு ஆபரேஷன் ஆனது எங்களுக்குத் தெரியும். கால் மடங்காது என்பது தெரியாது. அவன் ஃபோனில் சொன்னதில்லை. நோயல் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டான். பிறகு பெஞ்சுக்குத் திரும்பி வந்து, தயாராக எடுத்து வைத்திருந்த இரண்டாவது ராக்கெட்டைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். நான் பார்த்தேன், பியூலாவும் பார்த்தாள்.

"வாடா, மேட்ச் பாக்கலாம்," என்று சொல்லி, நான் நோட்டு எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் ஃப்ரெடியை உட்கார வைத்துவிட்டு, முதல் ஆட்டத்துக்குத் தீர்ப்பு சொல்லப் போய்விட்டான்.

ஃப்ரெடி கொஞ்ச நேரம் ஆட்டம் பார்த்தான். பழைய ஆட்கள் யார் யார் என்று கேட்டான். சும்மா இருக்க முடியாத கை அவனுக்கு. என் நோட்டை இழுத்துப் புரட்டினான். 2023ஆம் வருடப் பக்கம். பிறகு 2022. அதற்கு முன்னால் 2019. புரட்டிக்கொண்டே போனவன் நடுவில் நிறுத்தி, திரும்ப முன்னால் வந்து, ஒவ்வொரு வருடத்திலும் விரல் வைத்துப் படித்தான்.

"இன்னாக்கா இது?"

"எழுதியிருக்கிறதுதான்பா."

"எல்லா வருஷமுமா?"

"போட்டி நடந்த எல்லா வருஷமும்."

அவன் வெகுநேரம் நோட்டை மூடவில்லை. "ஃபோன்ல கேக்கும்போது ஃபர்ஸ்ட் ரவுண்டுலயே அவுட்டுடான்னுவான்," என்றான். "யார்கூட ஆடினேன்னு நான் கேட்டதே இல்லக்கா. கேட்டா எவன் பேராவது சொல்லிடுவானோன்னு கேக்கமாட்டேன்."

இந்த வருடப் பக்கத்தை நான் திருப்பிக் காட்டினேன். அடுத்த ஆட்டம்: ராகேஷ், ராஜ்குமார். எதிரில்: நோயல், ஃப்ரெடி.

முதல் ஆட்டம் முடிந்தது. தங்கவேலு அண்ணன் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, வழக்கமான குரலில் ராகேஷையும் ராஜ்குமாரையும் கூப்பிட்டார். இருவரும் பதில் சொன்னார்கள்.

"நோயல்."

"ப்ரெசன்ட்."

"ஃப்ரெடி," என்று கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கணக்குப் பார்க்க.

"ப்ரெசன்ட்," என்றான் ஃப்ரெடி என் பக்கத்திலிருந்து.

நோயல் மேஜைக்கு வந்தான். "ஒக்காருடா. இந்தக் கால வச்சிக்கினு இன்னா ஆடுவ நீ?"

"ஓடணும்னு எழுதியிருக்குதா உன் புஸ்தகத்துல?"

நோயல் யோசித்தான். உண்மையாகவே, பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டி யோசித்தான். "இல்ல," என்றான் கடைசியில். "உன் முறை வந்தா சர்வீஸ் போடணும். உனக்கு வர்ற சர்வீஸ நீ வாங்கணும். மத்த நேரம் நீ எங்க வேணா நிக்கலாம், கோட்டுக்கு வெளியகூட."

"அப்ப ராக்கெட்ட எடு."

ராகேஷுக்கு இருபத்து நான்கு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை, நன்றாக அடிப்பான். நெட் அருகே வந்து தயங்கினான். "அங்கிள், நான் மெதுவா ஆடட்டுமா?"

"மெதுவா ஆடினா நான் நெட்ட தாண்டி வந்து ஒதைப்பேன்," என்றான் நோயல்.

ஆட்டம் ஆரம்பமானது. நோயல் சர்வீஸ் போடும்போது ஃப்ரெடி பக்கக் கோட்டுக்கு வெளியே, கம்பி வேலியோரம் தடியை ஊன்றி நின்றான். உள்ளே நின்று பந்து மேலே பட்டால் பாயிண்ட் போய்விடும் என்பது காரணம். நோயல் ஒருவனே முழுக் கோர்ட்டையும் ஓடி ஆடினான். ஐம்பத்திரண்டு வயதுக்கு அவன் ஓடிய ஓட்டத்தை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. சர்வீஸ் வாங்கும் முறை வந்தால் ஃப்ரெடி இடது கையில் தடியும் வலது கையில் ராக்கெட்டுமாக நிற்பான். ஒருமுறை ராஜ்குமார் போட்ட பந்து எகிறித் தடியில் பட்டு, தானாகவே நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. கூட்டம் கை தட்டியது. நோயல் கையை உயர்த்தினான்.

"ராக்கெட்ட தவிர கையில வச்சிருக்கிற எதுல பட்டாலும் நம்ம பாயிண்ட் போச்சு. அவங்களுக்கு எழுதுக்கா."

"டேய், நீ யாரு பக்கம்டா ஆடுற?" என்றான் ஃப்ரெடி.

நாலாவது கேம் ஃப்ரெடியின் சர்வீஸ். தடியை வேலியில் சாத்திவிட்டு, நல்ல காலில் நின்று, பந்தை இடுப்புக்குக் கீழே விட்டு ராக்கெட்டால் தூக்கிவிட்டான். ராகேஷ் அடிக்காமல் விட்டுவிட்டு, "அங்கிள், இப்படி போடலாமா?" என்று தங்கவேலு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் நோயலைப் பார்த்தார்.

"கையிலருந்து விட்ட பந்து தரையில படறதுக்குள்ள அடிச்சா போதும். கைய மேல தூக்கணும்னு எங்கயும் சொல்லல," என்றான் நோயல்.

அந்தக் கேமைத் தோற்றார்கள். எட்டாவதும் ஃப்ரெடியின் சர்வீஸ், அதையும் தோற்றார்கள். நோயலின் சர்வீஸ் மூன்றையும் ஜெயித்தார்கள். ராஜ்குமார் தன் சர்வீஸில் தடுமாறி ஒரு கேமைக் கொடுத்தான். பதினோரு கேம் முடிந்தபோது ஏழுக்கு நாலு, ராகேஷும் ராஜ்குமாரும் முன்னால். ஃப்ரெடிக்கு முகமெல்லாம் வியர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பியூலா தண்ணீர் கொடுத்தாள். பக்கம் மாறினார்கள்.

பன்னிரண்டாவது கேம். நோயல் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் போய் நின்று சர்வீஸ் போட்டான். நல்ல சர்வீஸ், ராகேஷால் எடுக்க முடியவில்லை. அடுத்ததும் அப்படியே. முப்பதுக்கு சைபர்.

நான் நோட்டில் ஒவ்வொரு கேமுக்கும் நேராக சர்வீஸ் போடுகிறவர் பேரை எழுதுவேன். இந்தக் கேமுக்கு "ஃப்ரெடி" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். பென்சில் அங்கேயே நின்றது. நோயல் முறை தவறிப் போடுகிறான். சட்டம் சொல்லித் தருகிறவன், அளவு பார்க்கிறவன், அவன்தான் தவறு செய்கிறான். எதிர்ஜோடி கவனிக்கவில்லை. தங்கவேலு அண்ணன், கோடு கூட்டத் துடைப்பத்தோடு நின்றவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். நோட்டு எழுதுகிறவள் ஆட்டத்தில் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வழக்கம் இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஃப்ரெடியின் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. கேம் முடியும்வரை யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அது செல்லும். அதற்குப் பிறகு சர்வீஸ் வரிசையும் மாறியபடியே தொடரும். அது நோயல் சொல்லி நான் எழுதிய சட்டம்தான்.

நாற்பதுக்குப் பதினைந்து. இன்னும் ஒரு பாயிண்ட். நோயலின் அடுத்த பந்து நெட்டில் விழுந்தது. ஃபால்ட். சர்வீஸுக்கு இரண்டு வாய்ப்பு உண்டு, இரண்டாவது பந்தைக் கையில் எடுத்தான்.

"மெதுவா போடுடா," என்றான் ஃப்ரெடி, வேலியோரத்திலிருந்து.

நோயல் திடுக்கிட்டுத் திரும்பினான். யாருமில்லை என்று நினைத்திருந்த வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தால் திரும்புவதுபோலத் திரும்பினான். ஃப்ரெடியைப் பார்த்தான். கையில் இருந்த பந்தைப் பார்த்தான்.

"அண்ணா, நிறுத்துங்க. இது என் சர்வீஸ் இல்ல."

தங்கவேலு அண்ணன் வந்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ராகேஷ், "நாங்க ஒண்ணும் கேக்கலியே அங்கிள், போட்டு முடிங்க," என்றான்.

"இன்னும் ஒரு பாயிண்ட்தானப்பா," என்றார் அண்ணன். "கேம் முடிஞ்சிட்டா செல்லும்னு நீதான சொல்லுவ."

"முடியலியேண்ணா. முடியறதுக்குள்ள தெரிஞ்சிடுச்சு. எடுத்த பாயிண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். இங்கருந்து அவன் போடணும்."

"எனக்கு முட்டி வலிக்குதுடா, நீயே போடு," என்றான் ஃப்ரெடி.

நோயல் பந்தை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தான். என் மேஜைக்கு ஆறடி தூரம். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். "நாலு பாயிண்டும் தனியா ஆடிட்டிருந்தேன்டா. ஞாயித்துக்கிழமை ஆடற மாதிரி. நீ நிக்கறதே ஞாபகம் இல்ல."

ஃப்ரெடி அவனைப் பார்த்துக்கொண்டே தடியை வேலியில் சாத்தினான். கையை நீட்டினான். "ரெண்டு பந்தும் குடு."

"ஒண்ணுதான். ஒரே ஜோடிக்குள்ள முறை மாறிப்போனா, போட்ட ஃபால்ட்டும் கணக்குல வந்துடும். என் ஃபால்ட்ட நீ சுமக்கணும்."

"நல்ல பார்ட்னர் கெடச்சான் எனக்கு."

ஒற்றைப் பந்து. அதை ஃப்ரெடி உள்ளே போட்டான். ராகேஷ் பக்கக் கோட்டோரம் அறைந்தான். நாற்பதுக்கு முப்பது. அடுத்ததில் ராஜ்குமார் திருப்பியதை ஃப்ரெடி நெட்டில் அடித்தான். டியூஸ், இரண்டு பக்கமும் சமம். அதற்கு அடுத்ததில் ராகேஷ் ஃப்ரெடியின் காலடியிலேயே ஓங்கி அடித்தான். அடித்துவிட்டுக் கவலையோடு நோயலைப் பார்த்தான். "அப்படித்தான் அடிக்கணும்," என்றான் நோயல். இனி ஒரு பாயிண்ட் போனால் ஆட்டம் முடிந்தது.

ஃப்ரெடி சர்வீஸைத் தூக்கிப் போட்டான். நோயல் நெட்டருகே இருந்தான். ராஜ்குமார் திருப்பினான். நோயல் அடித்தான். ராகேஷ் பந்தை நோயலின் தலைக்கு மேலே உயரமாகத் தூக்கிவிட்டான். நோயல் பந்தைப் பார்த்தபடியே பின்னால் ஓடினான். ஃப்ரெடி அந்தக் காலோடு மூன்று எட்டு வைத்து நடுவுக்கு வந்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு ராக்கெட்டும் சேர்ந்து வீசி ஒன்றாகப் பந்தில் பட்டன. பந்து குறுக்கே பறந்து, ராகேஷ் எட்டாத மூலையில், கோட்டுக்குள் விழுந்தது.

கூட்டம் எழுந்து கத்தியது. தங்கவேலு அண்ணன் "டியூஸ்" என்று கையைத் தூக்கினார்.

நோயலும் ஃப்ரெடியும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள்.

"ரெண்டு பேரும் தொட்டுட்டோம்ணா," என்றான் நோயல்.

"டபுள்ஸ்ல பந்த ஒருத்தன்தான் அடிக்கலாம், ராகேஷ்," என்றான் ஃப்ரெடி. "ரெண்டு பேர் அடிச்சா பாயிண்ட் உங்களுக்கு." அதைச் சொன்னபோது அவன் நோயலின் தோளில் முழு பாரத்தையும் போட்டு நின்றிருந்தான். தடி தூரத்தில் வேலியில் இருந்தது.

எட்டுக்கு நாலு. ஆடித் தோற்றார்கள்.

கை கொடுத்து முடித்துவிட்டு மேஜைக்கு வரும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"என் பந்துடா அது. தலைக்கு மேல போனா பின்னால நிக்கறவனுது," என்றான் ஃப்ரெடி.

"கூப்பிட்டியா நீ?"

"நீ கூப்பிட்டியா?"

"கால வச்சிக்கினு நீ வருவேன்னு யாரு கண்டா?"

"நான்தான் வந்துட்டேனே."

நோயல் கீழே உட்கார்ந்து அவன் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டான். முட்டி வீங்கிப்போயிருந்தது. பியூலா ஐஸ் கொண்டுவந்தாள். பியூலாவையும் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு, சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். நாலு மணிக்குக் கார் புறப்பட்டது. கண்ணாடியை இறக்கி ஃப்ரெடி சொன்னான், "இனி இந்தக் காலு ஆடாதுடா. அடுத்த வருஷம் வேற எவனையாவது சேத்துக்கோ." நோயல் குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கார் திரும்பி மறையும்வரை நின்றான். புழுதி அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபோன் வருகிறது. போன வாரம் நான் தம்பி வீட்டில் இருந்தேன். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"பின்னால நிக்கறவன்தான்டா கூப்பிடணும்," என்றான் நோயல். "வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன்."

அந்தப் பக்கம் ஃப்ரெடி, "வந்துட்டேன்டா," என்றது எனக்கே கேட்டது. தம்பி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சரியா கேக்கல," என்றான். "இன்னொரு தடவ சொல்லு."